காலடி நூல்

"நூலு பத்திரமா இருக்காத்தா?"

பெரியப்பா சிவனாண்டி இதைக் கேட்டது திருப்பரங்குன்றத்தில், பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு. பெண் வீட்டிலிருந்து கிளம்பி டி. கல்லுப்பட்டியில் ஏறி உட்கார்ந்ததுமே தூங்கிப்போன மனிதர், கண்டக்டர் தோளைத் தட்டிய பிறகுதான் கண் விழித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்து அவர் வாயில் வந்தது இந்தக் கேள்விதான். மாயக்காளுக்கு அப்போது பதிமூன்று வயது. பாவாடை இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணி முடிச்சை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

முடிச்சுக்குள் ஒன்றும் இல்லை. திருமங்கலம் தாண்டியதுமே நூல் பஸ் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. எடுத்துப் பார்த்திருக்க வேண்டாம். பார்த்தாலும் விரலில் சுற்றி வெயிலில் காட்டிப் பார்த்திருக்க வேண்டாம். காற்று ஒரு இழுப்பு இழுத்தது, அவ்வளவுதான். பெரியப்பா பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்லவே எச்சில் விழுங்குகிறவள் அவள்.

தொலைந்தது வெறும் நூல் இல்லை. அவள் அண்ணன் முத்திருளனுக்குக் கட்டப்போகிற அறையின் அளவு.

அவர்கள் வகையறாவின் வீட்டை ஊரில் பெட்டி வீடு என்பார்கள். குலசாமியின் பெட்டி அந்த வீட்டில்தான் இருந்தது. மாசி மாதம் பங்காளிகள் அத்தனை பேரும் கூடி அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். வீட்டின் நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். சாமிப் பெட்டி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். அடுப்பு அக்னி மூலையில். கிணறு ஈசான மூலையில். இதில் எதையும் நகர்த்த யாருக்கும் துணிச்சல் கிடையாது. மகன்களுக்குக் கல்யாணம் ஆக ஆக முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு அறையாகக் கூடும். அந்த அறையை அளப்பதில்தான் இந்த வகையறாவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வரப்போகிற மருமகளின் காலால் அளப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. அதனால் அவளுக்குப் பதிலாக அவள் கால் அளவு வரும். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை மஞ்சள் பூசிய நூலைப் பிடித்து அறுத்து, மாப்பிள்ளை வீட்டுக் கன்னிப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். அவள் அதைத் தரையில் வைக்காமல் கொண்டுவர வேண்டும். அந்த நூலின் நீளம்தான் ஓரடி. அந்த அடியில் பதினாறு நீளம், பதினொன்று அகலம் என்று அறை எழும்பும். எனவே பெட்டி வீட்டில் ஓர் அறை மாதிரி இன்னோர் அறை இருக்காது. மாயக்காளின் அம்மா இருளாயிக்குப் பொடிக்கால். "அவ ரூம்ல கெடந்து கெடந்துதான் எந்தம்பி கடைசி வரைக்கும் காலை மடக்கியே படுத்தான்" என்று செத்துப்போன தம்பியைப் பற்றிச் சிவனாண்டி சொல்லிச் சிரிப்பார். பெரியம்மாவுக்குப் பெருங்கால். அவள் அறையில் ஒரு ஜோடி மாட்டைக் கட்டலாம்.

அடுத்த பஸ் மாறி வந்து ஊர் விலக்கில் இறங்கியதும் பெரியப்பா டீக்கடைப் பக்கம் திரும்பினார். "நீ முன்ன நடத்தா. ஒரு டீயக் குடிச்சிட்டு வாரேன். சோணைமுத்து வந்திருந்தா உக்காரச் சொல்லு."

மாயக்காள் நடக்கவில்லை, ஓடினாள். கொல்லைப்புற வழியாக மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தாள். பூக்கட்டும் நூல்கண்டு தொழுவத்து மாடக்குழியில் கிடந்தது. அம்மிக்கல்லில் ஒட்டியிருந்த மஞ்சளை வழித்து நூலில் பூசினாள். கல்யாணப் பெண் சோலையம்மாளின் காலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். காலையில் அவள் பக்கத்தில் நின்றுதானே பார்த்தாள். கொலுசு ஞாபகம் வந்தது, குதிகாலில் ஒரு வெடிப்பு ஞாபகம் வந்தது, நீளம் ஞாபகம் வரவில்லை. எல்லாப் பொம்பளைகள் காலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சாணம் மெழுகிய தரையில் தன் வலது காலை ஊன்றி, குதியிலிருந்து பெருவிரல் வரை நூலைப் பிடித்துப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு மாடு தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனை பார்க்கிற சோணைமுத்து அன்று சாயங்காலமே அளந்தார். மெலிந்த ஆள், மூக்குப்பொடி போடுகிறவர், பேச்சில் ஒரு சொல் கூடுதலாக வராது. நூலை மடித்து மடித்துக் கயிற்றில் அடையாள முடிச்சுப் போட்டுக்கொண்டே சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னார்: "எவ காலை அளந்து கட்டுறமோ, வீடு அவளத்தேன் வா வான்னு கூப்பிடும். மத்தவளை இருக்க விடாது."

"அப்ப சோலையம்மாளக் கூட்டியார மேளம் வேணாம்ங்குறீக" என்றாள் பெரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். வடமேற்கு மூலையில் அடித்த முளைக்குச்சி நான்கும் தன்னைப் பார்த்து நிற்பது போல மாயக்காளுக்கு இருந்தது. அளந்து முடித்ததும் நூலைச் சாமிப் பெட்டி அறையில், மற்ற மருமகள்களின் நூல்களோடு ஆணியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

சுவர் எழும்பியது. கொத்தனார் லூர்துராஜ் தரைக்குச் சிமிண்ட் போட்ட அன்று மாயக்காள் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். வாசலில் செம்பை வைத்துவிட்டுத் திரும்புகையில் ஒரு கோழி படபடவென்று உள்ளே பாய்ந்தது. விரட்டப் போனவளின் வலது கால் வடக்குச் சுவர் மூலையில், ஈரச் சிமிண்டில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. காலைப் பிடுங்கும்போது தரை விடமாட்டேன் என்று ஒரு நொடி பிடித்து வைத்தது போல இருந்தது. அவள் அலறிவிட்டாள்.

"ஏ மாயக்கா! ஒங் காலை அச்சுல ஊத்தி வைக்கணும்னு நேந்துக்கிட்டியா?" என்றார் லூர்துராஜ். கிட்ட வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இறுகிப்போச்சே. மேல பூசுனா உதுந்துரும். மூலைதான, எதையாச்சும் தூக்கி வச்சா மறஞ்சிட்டுப் போகுது. பெரியவர்ட்ட மூச்சு விடாத. ஒனக்கு ஒரு வசவுன்னா எனக்கு ஒம்பது."

அவள் மூச்சு விடவில்லை.

அடுத்த தை மாதம் சோலையம்மாள் அந்த அறைக்கு வந்தாள். அதே மாதம் மாயக்காள் பெரியமனுஷி ஆனாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

சோலையம்மாள் வாயாடி. சிரித்தால் முற்றத்துக் குருவி பறக்கும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் தன் அம்மாவுக்கு லெட்டர் எழுத மாயக்காளைப் பிடித்து உட்கார வைப்பாள். "நான் சொல்றத அப்படியே எழுதணும். 'ஒன் மருமகன் வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசுனாரு, ஒன்னு சோறு, இன்னொன்னு கொழம்பு'ன்னு எழுது." மாயக்காள் எழுதுவாள். வீட்டில் அவளிடம் ஒரு வேலையும் சொல்லாமல் பேச மட்டும் பேசுகிற ஒரே ஆள் மதினிதான். தலை வாரிவிடுவாள், பேன் பார்ப்பாள், அவளுடைய கூச்சத்தைக் கேலி செய்வாள். எல்லாம் முற்றத்தில்தான். அறைக்குள் கூப்பிட்டால் மாயக்காள் வாசலிலேயே நின்றுவிடுவாள்.

"ஏண்டி, என் ரூமுக்குள்ள என்ன பேயா இருக்கு? இல்ல ஒங்கண்ணன் மூஞ்சியப் பாத்துப் பயமா?"

"இல்ல மதினி."

"அப்ப உள்ள வாயேன்."

"இல்ல மதினி."

உள்ளே போனால் தரை பிடித்துக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். தூங்கப் போகும்போது யாரோ தன் பெயரைச் சுவருக்குள்ளிருந்து சொல்வது போல இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் முதுகோடு ஒட்டிப் படுப்பாள்.

முதல் வருஷம் சோலையம்மாளுக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார்கள். அடுத்து ஐந்து மாதத்தில் கலைந்தது. அப்போது யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த வாரத்தில்தான் வடக்குச் சுவரில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. கீழ் மூலையில் ஆரம்பித்து நூல் கணக்காக மேலே ஏறியது. மாயக்காள் மதினி கிணற்றடியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாசல்படியிலிருந்தே எட்டிப் பார்ப்பாள். சுவரில் எத்தனையாவது செங்கல் வரிசை வரை வந்திருக்கிறது என்று எண்ணி, தன் பழைய பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாளில் தேதி போட்டுக் குறித்து வைத்தாள். ஆவணி இரண்டு, ஏழாவது வரிசை. ஆவணி இருபது, ஒன்பதாவது வரிசை. அது எங்கிருந்து கிளம்புகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். அங்கே மதினியின் தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்கு அடியில் அவள் கால் இருந்தது.

ஒருநாள் சோலையம்மாள் அறை கூட்டும்போது தகரப் பெட்டியை நகர்த்தியிருக்கிறாள். வாசலுக்கு வந்து, முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்த மாயக்காளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். குரல் வழக்கம்போல இல்லை, அமுங்கி இருந்தது.

"அங்கன நின்னே பாரு. அந்த மூலையில. யாரு காலு அது?"

மாயக்காள் பார்த்தாள். ஐந்து விரலும் குதியும் தெளிவாக இருந்தன.

"என் காலவிடச் சின்னதா இல்ல? சின்னப் பிள்ளை காலு. இம்புட்டு நாளா என் பெட்டிக்கு அடியிலயே இருந்திருக்கு." சோலையம்மாளின் கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள். "எங்கூர்ல சொல்லுவாக, பொறக்கப்போற பிள்ளை மொதல்ல கால் தடத்த அனுப்பும்னு. யாருட்டயும் சொல்லிறாத, என்ன? மெழுகி மூடிருவாக."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. 'மதினி, அது என் காலு.' மாயக்காளின் உதடு அசையக்கூடச் செய்தது. மதினியின் முகத்தில் அத்தனை மாதங்களுக்குப் பிறகு வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அது அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நூலைப் பற்றிக் கேட்பார்களோ என்ற பயமும் கூடவே இறங்கியது.

"தெரியல மதினி" என்றாள்.

அன்று முதல் சோலையம்மாள் தினமும் குளித்துவிட்டு வந்ததும் பெட்டியை நகர்த்தி, அந்தத் தடத்தில் கொஞ்சம் மஞ்சள் தடவிக் கும்பிட்டுவிட்டு மறுபடி மூடிவைத்தாள். மாயக்காள் முற்றத்திலிருந்து அந்தப் பெட்டி தரையில் உரசும் சத்தத்தைக் கேட்பாள். தினமும் ஒருமுறை. தன் வலது உள்ளங்கால் ஜில்லென்று ஈரமாவது போல இருக்கும். பாவாடைக்குள் காலை இழுத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த அறையின் உத்திரம் படாரென்று வெடித்தது. விழவில்லை. நீளவாக்கில் பிளந்து நின்றது. சிவனாண்டி சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்: "சோணைமுத்துக்கு ஆள் விட்டாச்சா?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோணைமுத்து வந்தார். அதற்கு முன்பே கொத்தனார் லூர்துராஜ் வந்து செங்கலை வாசலில் அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். உத்திரத்தை மாற்றுவதா, வாசலையே அடைப்பதா என்று மனை பார்க்கிறவர் சொல்ல வேண்டும். பங்காளி வீட்டுப் பெண்கள் முற்றத்தில் கூடினார்கள். முத்திருளன் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தான். மாயக்காள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

சோணைமுத்து விரிசலைப் பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார். பொடியை உறிஞ்சினார். "நீளம் எத்தனை வச்சோம்?"

"பதினாறுண்ணே" என்றார் சிவனாண்டி.

"ஏத்தா, சோலையம்மா. இந்தச் செவத்துல குதியை ஒட்டவச்சு, அடிமேல அடியா அந்தச் செவத்துக்கு நட."

சோலையம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். ஒரு காலின் பெருவிரலோடு அடுத்த காலின் குதி ஒட்ட வேண்டும். வாசலில் நின்ற பெண்கள் விளையாட்டுப் போல எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்னு, ரெண்டு. "என்னடி கயித்துமேல நடக்குறவ மாதிரி ஆடுற" என்றாள் ஒருத்தி. சோலையம்மாளும் சிரித்தாள். பத்து, பதினொன்னு. கதவுக்குப் பின்னால் மாயக்காள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிமூணு. பதினாலு. பதினைந்தாவது அடி வைக்கையில் சோலையம்மாளின் பெருவிரல் சுவரில் முட்டியது. கால் முழுசாக விழவில்லை.

எண்ணிக்கொண்டிருந்த குரல்கள் நின்றன.

"பதினாலே முக்கா" என்றார் சோணைமுத்து. "பதினாலும் ஆகாது, பதினஞ்சும் ஆகாது. இது ரெண்டுக்கும் நடுவுல கெடக்கு. நூலை எடுங்க."

சாமிப் பெட்டி அறையிலிருந்து நூல் வந்தது. மஞ்சள் வெளுத்திருந்தது. சோணைமுத்து வெளியே வந்து அதை முற்றத்துத் தரையில் நீட்டிப் பிடித்தார். சோலையம்மாள் குதியை வைத்தாள். பெருவிரல் நூலைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது.

சிவனாண்டி அந்த விரலிலிருந்து அவள் முகத்துக்கு நிமிர்ந்தார். "ஒங்காத்தா எவ காலை அளந்து குடுத்துவிட்டா?"

"என் காலைத்தேன் மாமா." சோலையம்மாளின் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது. "ஒங்க முன்னாடிதான அளந்தாக."

"நான் வெளிய உக்காந்திருந்தேன். பொம்பளைக காலை அளக்குற எடத்துல எனக்கென்ன சோலி?"

"பெருங்காலுன்னு தெரிஞ்சா வேண்டாம்னுருவாகன்னு சின்னக்காலா பாத்து அளந்திருக்கா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "ஊரை ஏச்ச காலுடி."

"சாமி சத்தியமா இல்ல." சோலையம்மாள் சுற்றிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்தது. "மாயக்கா பக்கத்துலயே நின்னா. நூலை வாங்கிட்டு வந்ததே அவதான். அவளக் கேளுங்க. மாயக்கா! எங்கடி இருக்க? இங்க வந்து சொல்லு."

இருளாயி கதவுக்குப் பின்னாலிருந்து மகளை இழுத்து முற்றத்தில் நிறுத்தினாள். இருபது முகங்கள். சாமிப் பெட்டி அறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே இருட்டாக இருந்தது. மாயக்காள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"சொல்லுடி. என் காலத்தான அளந்தாக?" என்றாள் சோலையம்மாள்.

வாய் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

"பொய் சொல்ல மாட்டாம பிள்ளை முழிக்குது பாருங்க" என்றாள் பெரியம்மா. "மதினிக்காரி மேல உசுரு. எப்புடிக் காட்டிக் குடுப்பா?"

சிவனாண்டிக்கு அது போதுமாக இருந்தது. "லூர்து, வாசலை அடைச்சிரு. இந்த ரூமு இனி வேணாம். சோலை அவ ஆத்தா வீட்டுல இருக்கட்டும். வேற மூலையில ஒன்னக் கட்டிட்டுக் கூப்பிடுவோம்."

கூப்பிட மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இப்படிப் போன ஒருத்தியின் நூல் இன்னும் அந்த ஆணியில்தான் தொங்கியது.

"டேய் முத்திருளா. அவ பெட்டியத் தூக்கி வெளிய வையி."

முத்திருளன் வைக்கோலைத் துப்பிவிட்டு உள்ளே போனான். அவன் எதிர்த்து ஏதாவது சொல்வான் என்று அந்த நிமிஷம் வரை சோலையம்மாள் நினைத்திருக்க வேண்டும். அவள் கை மெதுவாகச் சேலைச் செருகலை எடுத்துவிட்டது. சேலை காலை மூடியது.

அப்போதுதான் மாயக்காள் நகர்ந்தாள். எப்படி நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தரையில் கிடந்த நூலின் முனையில் தன் வலது குதியை வைத்தாள்.

"என் காலு" என்றாள். குரல் கிழிந்து வந்தது. "நூலு என் காலு. மதினி நூலு பஸ்ஸுல பறந்துருச்சு. தொழுவத்துல வச்சு நாந்தேன் அளந்தேன்."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவள் பெருவிரல் நூலைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது. சோலையம்மாளின் விரல் நின்ற அதே இடத்தில்.

மாயக்காள் தன் காலையே வெறித்தாள். இரண்டு வருஷம். அந்தக் கால் வளரும் என்று அவள் ஒருநாள்கூட நினைத்ததில்லை.

யாரோ சிரித்தார்கள். "மதினியக் காப்பாத்தக் காலை நீட்டுறா பாரு. அதுக்கும் பொருந்தல." இருளாயி அவள் முதுகில் ஓர் அறை வைத்தாள். "வாய மூடிட்டு உள்ள போடி. சாமிப் பெட்டிக்கு முன்னாடி பொய்யா பேசுற?"

தகரப் பெட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம். முத்திருளன் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

பெட்டி வெளியே வந்துவிட்டது என்றால் மூலை காலியாக இருக்கும். மாயக்காள் அம்மாவின் கையை உதறினாள். அறை வாசலில் ஒரு நொடி நின்றாள். உள்ளே பிளந்த உத்திரம் தொங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு படியைத் தாண்டினாள். மூலைக்குப் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தரையில் அவளுடைய பதிமூன்று வயதுக் கால் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது. விரல்களுக்கு இடையில்கூட மஞ்சள் அப்பியிருந்தது.

"இந்தா இருக்கு" என்று கத்தினாள். "அப்ப உள்ள காலு இந்தா இருக்கு!"

முதலில் வந்தவர் லூர்துராஜ். கையில் கரண்டி இருந்தது. தடத்தைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "பெரியவரே, என்னைய எத்தனை வைஞ்சாலும் சரி. தரை போட்ட அன்னைக்குக் கோழிய வெரட்டப் போயி மாயக்காதேன் இதுல கால வச்சா. நாந்தேன் சொல்லாதன்னேன்."

சோணைமுத்து நூலை எடுத்துக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்தார். ஒரு முனையைக் குதிப் பள்ளத்தில் வைத்து மறுமுனையைப் பெருவிரலுக்கு இழுத்தார். விரல் பள்ளத்தின் நுனியில் நூல் சரியாக முடிந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அப்புறம் நூலைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"இது இந்தப் பிள்ளைக்குக் கட்டுன ரூமு" என்றார்.

அளந்த காலைத்தான் வீடு கூப்பிடும், மற்றவளை இருக்க விடாது என்று அவர் அன்றைக்குச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இருளாயி வாசலுக்கு வெளியே நின்று, "வெளிய வாடி. மாயக்கா, வெளிய வந்துருடி" என்றாள். அவள் உள்ளே வரவில்லை. மாயக்காள் எழப் பார்த்தாள். முட்டி இரண்டும் தரையோடு ஒட்டிப்போனது போலக் கனத்தது.

சோலையம்மாள் வாசலுக்கு வந்தாள். பெண்கள் வழி விட்டார்கள். அவள் படியில் நின்று தடத்தைப் பார்த்தாள். தினமும் தான் தடவிய மஞ்சளைப் பார்த்தாள். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். மாயக்காள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். வைவாள் என்று நினைத்தாள், வைதால் நல்லது என்று நினைத்தாள். ஓங்கி ஓர் அறை வைத்தால் அதைவிட நல்லது.

சிவனாண்டி தொண்டையைச் செருமினார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. ஒங்காத்தா மேல தப்பு இல்லத்தா. டேய் முத்திருளா, அவ பெட்டிய எந்தம்பி பொண்டாட்டி ரூம்ல வையி. சோலை அங்கன இருக்கட்டும்."

முத்திருளன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். சோலையம்மாள் திரும்பிப் போய் பெட்டியின் மேல் கையை வைத்தாள். அவன் நிமிர்ந்தான். அவள் முந்தானையை உருட்டிச் சும்மாடு ஆக்கித் தலையில் வைத்தாள். யாரையும் கை கொடுக்கச் சொல்லவில்லை. தகரப் பெட்டியை முட்டிக்கு ஏற்றி, இடுப்புக்கு ஏற்றி, தலைக்கு ஏற்றினாள்.

"ஏத்தா, அதான் சொல்லிட்டேன்ல" என்றார் சிவனாண்டி.

"மதினி" என்றாள் மாயக்காள் அறைக்குள்ளிருந்து. "மதினி!"

சோலையம்மாள் சாமிப் பெட்டி அறையைத் தாண்டினாள். முற்றத்தில் நின்ற சோணைமுத்துவைத் தாண்டினாள். கோபித்துக்கொண்டு போகிற பெண்கள் கொல்லைப்புற வழியாகத்தான் போவது வழக்கம். அவள் நேரே தலைவாசலுக்கு நடந்து, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, நிலையில் இடிக்காமல் குனிந்து வெளியே போனாள்.